சித்திரைக்கு நேர் கீழே ஒரு கேலக்ஸி

மே மாத நடுவில் இரவு 10 மணி வாக்கில் தெற்கே பார்த்து நின்றால் சித்திரை நட்சத்திரம் நல்ல உயரத்தில் இருக்கும். கையை நீட்டி, அதிலிருந்து நேர் கீழே மூன்று முஷ்டி அளவு இறங்கினால் என்ஜிசி 5128 வரும். சென்டாரஸ் ஏ-ன்னு சொல்றதும் இதைத்தான். தெருவிளக்கு இல்லாத இடமாக இருந்தால் பைனாகுலரில் மங்கலான பஞ்சு மாதிரி தெரியும்.

கணக்கு சுலபம். திருப்பாதிரிப்புலியூர் வடக்கே 11.75 டிகிரி, கேலக்ஸி தெற்கே 43 டிகிரி. 90-லிருந்து இரண்டையும் கழித்தால் 35. அதுதான் நம்ம ஊரில் அதன் உயரம். லண்டனில் இது உதிக்கவே உதிக்காது. 1826-ல் ஜேம்ஸ் டன்லப் இதைக் கண்டுபிடித்ததும் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்துதான்.

இது நீள்வட்ட வகை. லென்டிகுலர் என்று சொல்பவர்களும் உண்டு. நீள்வட்ட கேலக்ஸிகளில் பெரும்பாலும் வயதான நட்சத்திரங்கள்தான். வாயுவும் தூசும் ரொம்பக் குறைவு. ஆனால் இதன் குறுக்கே பெல்ட் கட்டின மாதிரி ஒரு கறுப்புத் தூசிப் பட்டை ஓடுகிறது. அந்தத் தூசி எங்கிருந்து வந்தது? இரண்டு கேலக்ஸிகள் மோதுகின்றன என்று 1954-லேயே பாடேயும் மின்கோவ்ஸ்கியும் சொன்னார்கள். வாயு நிறைந்த ஒரு கேலக்ஸியை இது விழுங்கிவிட்டது என்பது இன்றைய விளக்கம். நடுவில் உள்ள கருந்துளையின் நிறை சுமார் 5.5 கோடி சூரியன்கள். அது கக்கும் பொருள் ரேடியோ அலையில் 8 டிகிரி நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. முழுநிலாவே அரை டிகிரிதான்!

இனி இது இருக்கும் கூட்டம். அதற்கு இரண்டு தலைகள். ஒன்று 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள சென்டாரஸ் ஏ. இன்னொன்று 1.5 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள எம் 83 என்ற சுருள் கேலக்ஸி. வானத்தில் சித்திரைக்கும் சென்டாரஸ் ஏ-வுக்கும் இடையில், கொஞ்சம் இடப்பக்கமாக எம் 83 இருக்கிறது. இரண்டைச் சுற்றியும் குட்டி கேலக்ஸிகள் உண்டு.

சிக்கல் அந்தக் குட்டிகளில்தான். அவை தலைமை கேலக்ஸியைச் சுற்றி, தேனீக்கள் மாதிரி, பல திசையில் அலைய வேண்டும் என்பதே வழக்கமான எதிர்பார்ப்பு. 2018-ல் சென்டாரஸ் ஏ-வின் 16 குட்டிகளின் வேகத்தை அலசினார்கள். 14 குட்டிகள் ஒரே தட்டில், ஒரே பக்கமாகச் சுற்றுவது போலத் தெரிந்தது. கணினி மாதிரிகளில் இப்படி அமைவது 200-ல் ஒன்றுக்கும் குறைவு. 2021-ல் குட்டிகளின் எண்ணிக்கை 28 ஆனது. அதிலும் 21 ஒத்துப்போயின.

பால்வழியிலும் ஆண்ட்ரோமெடாவிலும் இதே மாதிரி தட்டு பார்த்தாகிவிட்டது. மூன்று இடத்திலும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா? கோட் ஓடுது, ஆனா அவுட்புட் நிஜத்தோட ஒத்துப்போகலைன்னா, நாம முதல்ல சந்தேகப்பட வேண்டியது கோடைத்தானே.