விதி வகுத்தோரும் விதிக்கு உட்பட்டோரே

சட்டங்கள் பலவும் தம் பயனைத் தண்டனை பற்றிய அச்சத்தினாற் பெறுகின்றன. களவைத் தடுக்கும் சட்டத்துக்குப் பொலிசாரும் நீதிமன்றமும் சிறைச்சாலையும் துணை நிற்கின்றன. தொற்றுநோயைத் தடுக்கும் சட்டத்தின் இயல்போ வேறு. வீட்டுக்கு வீடு காவலரை நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் இயலாது. எவரும் பாராத இடத்திலும் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் குடிமகனே அச்சட்டத்தின் காவலன். அவன் அவ்வாறு கட்டுப்படுதற்குக் காரணங்கள் இரண்டு. விதி தேவையானது என்னும் நம்பிக்கை ஒன்று. அது யாவருக்கும் பொதுவானது என்னும் நம்பிக்கை மற்றொன்று. ஆதலின், விதியை வகுத்தவர் தாமே அதனை மீறுமிடத்து, தனியொருவரின் ஒழுக்கம் குன்றுவதோடு அவ்விதியின் உயிர்நிலையும் ஊறுபடுகின்றது. அத்தகைய மீறலுக்கு ஆட்சியாளர் எவரிடத்தில், எவ்வாறு பொறுப்புச் சொல்லவேண்டும் என்னும் வினாவுக்கு, 2020ஆம் ஆண்டு தொடக்கம் 2023ஆம் ஆண்டு வரை பிரித்தானியாவில் நிகழ்ந்தவை விரிவானதொரு விடையைத் தருகின்றன.

கொரோனாத் தொற்றைத் தடுக்குமுகமாக 2020 மார்ச் 23ஆந் திகதி பிரதம மந்திரி பொரிஸ் ஜோன்சன் தொலைக்காட்சியில் உரையாற்றி, மக்கள் யாவரும் வீட்டிலேயே இருத்தல் வேண்டுமெனப் பணித்தார். அதற்குரிய பிரமாணங்கள் 1984ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமொன்றின்கீழ் ஆக்கப்பட்டு, மார்ச் 26ஆந் திகதி இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தன. தகுந்த காரணமின்றி வீட்டைவிட்டு வெளியேறுதலும், வெவ்வேறு வீட்டார் பொதுவிடத்திற் கூட்டமாய்க் கூடுதலும் குற்றங்களாயின. இப்பிரமாணங்கள் முன்கூட்டியே பாராளுமன்றத்தில் ஆராயப்பட்டவையல்ல. அவசர நடைமுறைப்படி மந்திரியின் கையொப்பத்தோடு வலுப்பெற்று, பின்னரே அவை சபையின் அங்கீகாரத்தைப் பெற்றன. நோயின் வேகம் அதனை வேண்டிற்று என்பதை மறுத்தற்கில்லை. எனினும், சட்டத்தை ஆக்கும் கையும் நிறைவேற்றும் கையும் ஒன்றாகிவிடும்போது, முன்னர்த் தளர்ந்த கட்டுப்பாட்டை ஈடுசெய்யுமளவுக்குப் பின்னர்ப் பொறுப்புக் கேட்கும் முறை இறுக்கமாயிருத்தல் வேண்டும்.

இவ்விதிகளுக்கு மக்கள் கொடுத்த விலை சிறிதன்று. மரணப்படுக்கையிற் கிடந்த தாய் தந்தையரின் கையைப் பிடிக்கவும் இயலாது பிள்ளைகள் வெளியே நின்றனர். உற்றார் சிலரே சூழ்ந்திருக்க ஈமக்கிரியைகள் நடைபெற்றன. முதியோர் இல்லங்களில் இருந்தோர் தம் மக்களைக் கண்ணாடிக்கு அப்பால் நின்றே கண்டனர். இத்துயரத்தைச் சுமந்தவர்களே விதிமீறல் வழக்கிலே பாதிக்கப்பட்ட தரப்பினர் ஆவர். இதனை மறந்து, யார் எங்கே என்ன அருந்தினார் என்பதையே பேசுவது பொருளை விட்டு நிழலைப் பற்றுவதாகும்.

விதி வகுத்தோர் அல்லது விதிக்கு ஆலோசனை கூறினோர் தவறியபோது இருவகையான நடத்தைகள் தொடக்கத்திலேயே வெளிப்பட்டன. ஸ்கொத்லாந்தின் பிரதம வைத்திய அதிகாரியாயிருந்த கத்தரின் கல்டர்வுட் அம்மையார், வீட்டிலிருங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்திவந்த அதே நாட்களில், கரையோரத்திலிருந்த தமது இரண்டாவது வீட்டுக்குச் சென்றுவந்தார். செய்தி வெளியானதும் தவறை ஒப்புக்கொண்ட அவர், 2020 ஏப்பிரல் 5ஆந் திகதியே பதவி துறந்தார். தமது நடத்தை பற்றிய பேச்சு மக்களின் கவனத்தைச் சுகாதார அறிவுரையிலிருந்து திருப்பிவிடலாகாது என்பதே அவர் கூறிய காரணம். மற்றைய வகைக்குச் சான்று பிரதம மந்திரியின் தலைமை ஆலோசகரான டொமினிக் கமிங்ஸ் என்பவரின் செயல். தம் குடும்பத்தில் நோய்க்குறி தோன்றியிருந்த வேளையில், மார்ச் மாத இறுதியில் அவர் இலண்டனிலிருந்து ஏறக்குறைய 260 மைல் தொலைவிலுள்ள டேர்ஹாம் பகுதிக்கு மோட்டார் வண்டியிற் சென்றார். மே மாதத்தில் இது வெளிப்பட்டபோது, குழந்தையின் பராமரிப்பைக் கருதியே சென்றதாகவும், தாம் நியாயமாகவே நடந்துகொண்டதாகவும் அவர் விளக்கங் கூறினார். பிரதம மந்திரியும் அவருக்கு அரணாக நின்றார். அவர் அப்போது பதவி விலகவில்லை.

இவ்விரண்டாம் வகை நடத்தையின் விளைவு அளந்தறியப்பட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோரிடம் தொடர்ந்து வினவித் திரட்டிவந்த விடைகளை ஆராய்ந்து, 2020 ஓகஸ்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். ஆலோசகரின் பயணம் வெளிப்பட்டதைத் தொடர்ந்து இங்கிலாந்து மக்களுக்கு அரசாங்கத்தின்மீதிருந்த நம்பிக்கை குறிப்பிடத்தக்க அளவு வீழ்ந்ததையும், தத்தமக்கெனத் தனி அரசாங்கங்களைக் கொண்ட ஸ்கொத்லாந்திலும் வேல்சிலும் அத்தகைய வீழ்ச்சி காணப்படாமையையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். ஒருவரின் செயல் ஒரு நாட்டின் நோய்த்தடுப்புக் கருவியையே மழுங்கச் செய்யும் என்பதற்கு இது போதிய சான்று.

இதனினும் பெரியதொரு விடயம் பின்னர் வெளிவந்தது. பிரதம மந்திரியின் வாசத்தலமும் அலுவலகமுமாகிய டவுனிங் வீதி 10ஆம் இலக்க இல்லத்தில், கட்டுப்பாடுகள் நிலவிய காலத்திலேயே விருந்துக் கூட்டங்கள் பல நடைபெற்றன என 2021 நவம்பர் 30ஆந் திகதி 'டெயிலி மிறர்' பத்திரிகை அறிவித்தது. அடுத்தடுத்து வேறு செய்திகளும் வெளியாயின. 2020 மே 20ஆந் திகதி, வேறு வீட்டார் ஒருவரை மாத்திரமே வெளியிடத்திற் சந்திக்கலாம் என்றிருந்தபோது, தத்தமக்கு வேண்டிய மதுவைக் கொண்டுவருமாறு ஏறக்குறைய 200 உத்தியோகத்தருக்குத் தோட்ட விருந்து அழைப்பு அனுப்பப்பட்டிருந்தது. 2021 ஏப்பிரல் 17ஆந் திகதி எலிசபெத் மகாராணியார் தம் கணவரின் இறுதிச் சடங்கில், விதிக்கமைய, ஆலயத்தில் தனித்து அமர்ந்திருந்தார். அதற்கு முதல்நாள் இரவும் டவுனிங் வீதியில் விருந்து நடைபெற்றிருந்தது. இதன்பொருட்டு 2022 சனவரியிற் பிரதம மந்திரியின் அலுவலகம் அரண்மனையிடம் மன்னிப்புக் கோரிற்று.

இதன் பின்னர்ப் பொறுப்புக் கேட்கும் வழிகள் மூன்று திறந்தன. முதலாவது சாதாரண சட்டத்தின் வழி. எத்தகைய உயர்பதவியினரும் நாட்டின் பொதுச்சட்டத்துக்கு அமைந்தவரே என்பது சட்டவாட்சியின் இலக்கணங்களுள் ஒன்றென 1885ஆம் ஆண்டில் அறிஞர் டைசி தம் நூலில் நிறுவினார். அதற்கமைய இலண்டன் மாநகரப் பொலிசார் விசாரணை நடத்தி, 83 பேருக்கு 126 தண்டப்பணச் சீட்டுகளை வழங்கினர். 2020 யூன் 19ஆந் திகதி நிகழ்ந்த பிறந்தநாட் கூட்டத்தின்பொருட்டுப் பிரதம மந்திரிக்கும், அந்நாள் நிதிமந்திரியான ரிஷி சுனக்குக்கும் 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி தலைக்கு 50 பவுண் விதிக்கப்பட்டது. பதவியிலிருக்கும்போதே சட்டத்தை மீறியவராகக் காணப்பட்ட முதலாவது பிரித்தானியப் பிரதம மந்திரி ஜோன்சனே. டைசியின் கோட்பாடு இங்கு எழுத்தளவில் நிறைவேறியது உண்மை. ஆயினும் வழிப்போக்கன் ஒருவனுக்கும் விதியை ஆக்கியவனுக்கும் தண்டம் ஒன்றேயாயின், தவறின் அளவும் ஒன்றாகிவிடுமா? சட்டம் செயலை மாத்திரமே அளக்கும். பதவியின் கடமையை அளத்தல் அதன் வேலையன்று.

இரண்டாவது நிருவாக விசாரணையின் வழி. இது சூ கிறே என்னும் மூத்த அரச உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2022 மே 25ஆந் திகதி வெளியான அவரது இறுதி அறிக்கை, அரசியற்றலைமையும் உத்தியோகத் தலைமையும் இந்நிலைக்குப் பொறுப்பேற்றல் வேண்டும் எனக் கூறியது. மேலதிகாரிகள் சமுகமளித்ததைக் கண்டு, அக்கூட்டங்கள் அனுமதிக்கப்பட்டவை என இளநிலை உத்தியோகத்தர் சிலர் நம்பியிருந்ததையும், சுத்திகரிப்புத் தொழிலாளரும் காவலாளரும் அவமதிக்கப்பட்ட சம்பவங்களையும் அது பதிவுசெய்தது. பதவியில் தாழ்ந்தோர் உயர்ந்தோரைப் பார்த்தே விதியின் பொருளை அறிகின்றனர் என்பதை இது விளக்குகின்றது. எனினும் பிரதம மந்திரிக்குக் கீழ்ப்பட்ட உத்தியோகத்தர் ஒருவர் அப்பிரதம மந்திரியையே விசாரித்தல் எவ்வாறு நிறைவுடையதாகும்? உண்மையை எடுத்துரைக்க அவரால் இயன்றது. தீர்ப்புக் கூறும் அதிகாரம் அவருக்கு இருக்கவில்லை.

மூன்றாவது பாராளுமன்றத்தின் வழி. வழக்கின் அடிப்படை வினா இங்கேதான் எழுந்தது. 2021 டிசம்பர் 1ஆந் திகதி, டவுனிங் வீதியில் வழிகாட்டு நெறிகள் யாவும் முற்றாகப் பின்பற்றப்பட்டன என்று ஜோன்சன் பொதுமக்கள் சபையில் உறுதிகூறியிருந்தார். மந்திரியொருவர் அறிந்துகொண்டே சபையைப் பிழையாக வழிநடத்துவாராயின் பதவி துறத்தல் வேண்டும் என்பது மந்திரிமாருக்குரிய ஒழுக்கக் கோவையின் விதி. 1963ஆம் ஆண்டிலே யுத்த மந்திரி யோன் புறொவியூமோ பதவியிழந்ததும் சபையிற் பொய்யுரைத்தமையினாலேயே. இவ்விதியின் கடுமைக்குத் தக்க நியாயமுண்டு. பாராளுமன்றம் அரசாங்கத்தைக் கேள்வி கேட்கலாம். ஆனால் டவுனிங் வீதியின் கதவைத் திறந்து தானே சோதித்துப் பார்த்தல் நடைமுறையில் இயலாது. விடை உண்மையாயிருந்தாலன்றிக் கேள்விக்குப் பயனில்லை.

2022 ஏப்பிரல் 21ஆந் திகதி சபை இவ்விடயத்தைத் தன் சிறப்புரிமைக் குழுவிடம் ஒப்படைத்தது. தொழிற்கட்சியைச் சேர்ந்த ஹரியற் ஹார்மன் அம்மையார் தலைமை தாங்கிய அக்குழுவின் உறுப்பினர் எழுவருள் நால்வர் ஜோன்சனின் சொந்தக் கட்சியினர் என்பது கவனிக்கத்தக்கது. ஜோன்சன் தம் பக்கத்து நியாயங்களை 2023 மார்ச் 22ஆந் திகதி குழுவின் முன் நேரிற் கூறினார். அக்கூட்டங்கள் அலுவலின்பொருட்டு அவசியமானவை என்று தாம் கருதியதாகவும், தம் உத்தியோகத்தர் அளித்த உறுதிமொழிகளை நம்பியே சபையிற் பேசியதாகவும், வேண்டுமென்று எவரையும் ஏமாற்றவில்லை என்றும் அவர் வாதித்தார். அவ்வுறுதிமொழிகள் பத்திரிகைத் தொடர்பாளரிடமிருந்து பெறப்பட்டவையேயன்றிச் சட்ட அறிஞரிடமோ மூத்த நிரந்தர உத்தியோகத்தரிடமோ பெறப்பட்டவையல்ல என்பதையும், அக்கூட்டங்கள் சிலவற்றில் அவர் தாமே பிரசன்னமாயிருந்தார் என்பதையும் குழு சுட்டிக்காட்டியது.

அறியாது நேர்ந்த பிழைக்கும் ஆள்வோன் பொறுப்பாளியாவானா என்னும் இவ்வினா ஈழநாட்டுக்குப் புதியதன்று. அனுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாள மன்னனைப்பற்றி மகாவமிசம் கூறும் வரலாறுகளுள் ஒன்று கன்றின் பொருட்டு மகனைத் தண்டித்தது. அதனை யாவரும் அறிவர். அத்துணை பேசப்படாத மற்றொரு வரலாறும் அந்நூலில் உண்டு. மன்னனின் தேர் நுகத்தின் முனை தூபியொன்றில் மோதிக் கற்கள் 15 பெயர்ந்து வீழ்ந்தன. அவன் அதனை எண்ணிச் செய்தானல்லன். எனினும் மந்திரிமார் தவறு நேர்ந்ததென எடுத்துரைத்ததும், அவன் தேரினின்று இறங்கி வீதியில் வீழ்ந்து, தன் தலையையும் தேர்ச்சக்கரத்தால் அறுக்குமாறு பணித்தான். மந்திரிமார் அவனைத் தேற்றித் தூபியைப் புதுப்பிக்குமாறு கூற, அக்கற்களை மீண்டும் பதிப்பதற்கு அவன் 15,000 கஹாபணம் வரையிற் பொருள் செலவிட்டான் என்பர். அறியாமை அங்கே தண்டனையைக் குறைத்தது; பொறுப்பை நீக்கவில்லை. மன்னனின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்லும் மந்திரிமார் இருந்தமையும் அவ்வரலாற்றின் பெருஞ்சிறப்பு.

ஆயினும் அத்தகைய மனச்சாட்சி எல்லா ஆட்சியாளரிடத்தும் வாய்க்கும் என எதிர்பார்த்தல் இயலாது. மன்னனின் மனச்சாட்சி செய்த தொழிலை நிறுவனங்கள் செய்யவேண்டும் என்பதே குடியாட்சியின் ஏற்பாடு. ஜோன்சன் பிரதம மந்திரிப் பதவியை விட்டகல்வதாக 2022 யூலை 7ஆந் திகதி அறிவித்தபோது அதற்கு உடனடிக் காரணமாயிருந்தது வேறொரு விவகாரம். அதற்கு ஒருமாதம் முன்னர், யூன் 6ஆந் திகதி, அவர் கட்சி உறுப்பினர் நடத்திய நம்பிக்கை வாக்கெடுப்பில் 211 வாக்குகள் ஆதரவாகவும் 148 எதிராகவும் அளிக்கப்பட, அவர் தப்பியிருந்தார். கட்சியின் தராசு வெற்றி தோல்வியையே நிறுக்கும் என்பது இதனாற் புலனாகின்றது. சிறப்புரிமைக் குழுவோ, அவர் பதவி நீங்கிய பின்னரும் தன் பணியைக் கைவிடவில்லை. அதன் முடிவை முன்னரே அறிந்த ஜோன்சன் 2023 யூன் 9ஆந் திகதி பாராளுமன்ற உறுப்பினர் பதவியையும் துறப்பதாக அறிவித்தார். யூன் 15ஆந் திகதி வெளியான அறிக்கை, அவர் வேண்டுமென்றே சபையைப் பிழையாக வழிநடத்தினார் எனத் தீர்ந்தது. உறுப்பினராகத் தொடர்ந்திருப்பின் 90 நாட்களுக்கு இடைநிறுத்தும்படி சிபார்சு செய்திருப்போம் எனவும் கூறியது. யூன் 19ஆந் திகதி சபை 354 வாக்குகளுக்கு 7 என்ற கணக்கில் அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்வாறு நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. விதியை மீறியமைக்கு 50 பவுண் போதுமாயிற்று. அம்மீறல் பற்றிய வினாவுக்கு உண்மையல்லாத விடை கூறியமையோ அரசியல் வாழ்வின் ஆசனத்தையே பறித்தது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. மனிதர் தவறுவர் என்பதை எந்த ஆட்சிமுறையும் தாங்கிக்கொள்ளும். தவறை அறியும் வழியையே அடைப்பதை எந்த ஆட்சிமுறையும் தாங்காது. கல்டர்வுட் அம்மையாரின் தவறு ஒருநாட் செய்தியோடு பெரும்பாலும் அடங்கியதும், டவுனிங் வீதியின் தவறு ஒன்றரை ஆண்டுக்கு மேலாக நாட்டை அலைக்கழித்ததும் இதனாலேயே.

பாராளுமன்ற நடைமுறைகள் பலவற்றைப் பிரித்தானியாவிலிருந்து பெற்ற இலங்கைக்கும் இதிற் கருதத்தக்கது உண்டு. 2020ஆம் ஆண்டில் கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு இங்கும் துணையாயிருந்தது பிரித்தானியர் காலத்தில், 1897ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமே. அவ்வகைச் சட்டங்கள் யாவும் மந்திரியின் கையில் மிகுந்த அதிகாரத்தை விரைவாகக் கொடுப்பவை. அடுத்த கொள்ளைநோய் எப்போது வரினும், அவ்வதிகாரம் மீண்டும் வேண்டப்படும். மக்களின் ஒத்துழைப்பும் மீண்டும் வேண்டப்படும். அதிகாரத்தை ஒரு கையொப்பத்தாற் பெற்றுவிடலாம். ஒத்துழைப்பையோ, தமக்கு விதித்ததே விதித்தவர்க்கும் உரியதென்று மக்கள் கண்ணாரக் கண்டாலன்றிப் பெறுதல் அரிது.