பனிக்குப் பிறகு பூ – கொல்லைப்புறப் படங்கள்

மார்ச் மாசக் கடைசி. நியூஜெர்சியில இன்னும் கோட்டைக் கழட்ட முடியலை. ஆனா தோட்டத்துல ஆட்கள் வர ஆரம்பிச்சாச்சு. முதல்ல ஸ்னோடிராப், அடுத்து குரோக்கஸ், அப்புறம் டாஃபடில். வேலியோரமா ஃபோர்சித்தியா: இலைக்கு முன்னாடியே பூ, குச்சி முழுக்க மஞ்சள்.

கேமராவைத் தூக்கறதுக்கு முன்னாடி சில விஷயங்கள்:

குரோக்கஸ் ஒரு சோம்பேறி. குளிர்ல மூடிக்கும், வெயில் பட்டு சூடானாத்தான் விரியும். விடியக்காலையில போய் நின்னா மொட்டுதான் கிடைக்கும். பத்து, பதினோரு மணிக்குப் போங்க. நம்ம குங்குமப்பூவும் குரோக்கஸ் வகைதான், ஆனா காஷ்மீர் பாம்பூர்ல அது பூக்கறது இலையுதிர்காலத்துல. இதைப் பறிச்சுப் பால்ல போட்டுடாதீங்க!

ஸ்னோடிராப் தலையைக் குனிஞ்சே நிக்கும். நாமதான் தரையில படுக்கணும். பின்னாடி பனி இருந்தா கேமரா ஏமாந்து எல்லாத்தையும் சாம்பலாக்கிடும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏத்திக்குங்க.

டாஃபடில் விஷச்செடி, மான் வாய் வைக்காது. நிதானமா எடுக்கலாம். டூலிப் அப்படியில்லை. நீங்க எடுக்கலைன்னா மான் எடுத்துக்கும்.

படங்களைப் பாத்துட்டு அம்மா போன்ல கேட்டாங்க: "அந்தக் கெழங்கு நாலு கொண்டாடா, தொட்டியில வச்சுப் பாக்கலாம்."

மதுரையில முளைக்கலாம், பூக்காதும்மா. டாஃபடில், டூலிப் கிழங்கெல்லாம் ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் குளிர்ல கிடக்கணும், அதுவும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ. அந்தக் குளிர் பட்டாத்தான் உள்ள இருக்கற பூ ஒழுங்கா மேல வரும். நாலு மாசமா நான் திட்டித் தீர்த்த அதே குளிர்தான் இந்தப் பூவுக்குச் சாப்பாடு! நம்ம ஊர் மார்கழி அதுக்குக் காணாது.

அதனால ஊருக்குக் கொண்டு போக முடியறது படம் மட்டும்தான். அதுக்கும் இந்தப் பூக்கள் ரொம்ப நாள் காத்திருக்காது. 2017 மார்ச் நடுவுல வாஷிங்டன் டி.சி.யில அடிச்ச கடுங்குளிர்ல, பேர்போன செர்ரிப் பூக்கள்ல ஏறக்குறைய பாதி கருகிப்போச்சு. முன்கூட்டியே சூடாகி மொட்டு விட்டா இதுதான் ஆபத்து.

பரீட்சை முடியட்டும், வீக்கெண்ட் வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க மக்களே. இன்னிக்கு வெயில் அடிக்குதா? பத்து நிமிஷம் வெளியில போய்ப் படுத்துட்டு வாங்க. பழைய ஜீன்ஸ் போட்டுக்குங்க, எல்லாம் சேறு.