நூல் முகப்பும் எழுத்தோவியரும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது பழமொழி. இது மாந்தர்க்கு மட்டுமன்றி நூலுக்கும் பொருந்தும். ஒரு நூலைக் கையில் எடுப்பவர் முதலில் காண்பது அதன் பாயிரத்தையன்று, முகப்பையே. அம்முகப்பிலும் ஓவியத்திற்கு முன்னே பேசுவது தலைப்பின் எழுத்து. நூலாசிரியரை நாம் அறிவோம், பதிப்பகத்தை அறிவோம், அச்சகத்தின் பெயரும் உட்பக்கத்தில் இருக்கும். தலைப்பை எழுதியவரைப் பெரும்பாலும் அறிவதில்லை. அவரை எழுத்தோவியர் என அழைக்கலாம். அவர்தம் கலையின் இயல்பையும் அதன் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பொருநைக் கரையில் எழுத்து

குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்த பொருநைக்கரைக்கு எழுத்தின் வரலாற்றில் தனியிடம் உண்டு. பாண்டிய நாட்டின் இப்பகுதியில் பண்டு வழங்கியது வட்டெழுத்து. 11ஆம் நூற்றாண்டில் சோழராட்சி வேரூன்றிய பின்னரே இன்றைய தமிழெழுத்தின் முன்னை வடிவம் மெல்ல அதன் இடத்தைப் பெற்றது.

பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்றவர் அண்டிரிக் அடிகளார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. அந்நாளைய தமிழ் அச்செழுத்துகளை 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வசும், 1578இல் கொல்லத்தில் ஜோவான் தெ பரியாவும் உருவாக்கினர். எழுத்தை வடித்த இருவர் பெயரும் நானூறு ஆண்டுகளைக் கடந்தும் நிலைத்திருப்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

பொருநைக்குத் தெற்கே காயல்பட்டினத்திலும், கிழக்குக் கரையில் கீழக்கரையிலும் அரபுத்தமிழ் செழித்தது. தமிழொலிகள் சிலவற்றுக்கு அரபியில் எழுத்தில்லாமையால், இருந்த எழுத்துகளோடு புள்ளிகளைச் சேர்த்துப் புதிய வடிவங்களை நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர். பின்னர்க் கல்லச்சு வந்தபோது, ஈய எழுத்துகளைக் கோக்காமல், எழுதுவோரின் கையெழுத்தையே அச்சிட முடிந்தது. ஆக, அழகாக எழுதும் கை இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

தமிழெழுத்தின் இயல்பு

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் அணிவகுத்து நிற்கும். தமிழெழுத்துகள் அவ்வாறு நில்லா. ட, ர குறுகியவை. ஞ, ண அகன்றவை. கி, கீ ஆகியவற்றில் விலங்கு மேலெழும்; கு, டு, மூ ஆகியவற்றில் கீழிறங்கும். மெய்க்குத் தலைமேல் புள்ளி வேண்டும். தலைப்பு இரண்டு வரியாக அமையுமாயின், மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும்.

'பொருநை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். எழுத்தோ மூன்று. எழுத்தோவியர்க்கோ கொம்பு, பகரம், கால், ரு, சங்கிலிக் கொம்பு, நகரம் என ஆறு உருவங்கள். இவற்றிடையே இடைவெளி சற்று மிகுந்தால் சொல் சிதறும். குறைந்தால் ஒன்றோடொன்று முட்டும். காலுக்கும் ரகரத்திற்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள சிறு சாய்கோடு மட்டுமே. அழகு கருதி அதனைக் குறைத்தால் படிப்பவர் மயங்குவர்.

1978 அக்டோபரில் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தமும் இக்கலையைத் தொட்டது. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட வடிவங்கள் அவை. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற வளைவு நீங்கியது. ணா, றா, னா முதலியனவும் எளிமை பெற்றன. அச்சுக் கோப்போர்க்கு இது பெருநன்மை. 'கலை', 'மாலை' என எழுதுங்கால் அவ்வளைவைக் கொண்டே அழகு செய்து பழகிய எழுத்தோவியர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஆதிமூலம் காட்டிய வழி

தமிழ் நூலுலகில் இக்கலையை உயர்த்தியோருள் முதன்மையானவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). திருச்சி மாவட்டத்தில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர். காந்தியடிகளை வரைந்த கோட்டோவியங்களால் புகழ்பெற்றவர். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது அதற்கு உயிரூட்டியவை அவருடைய கோடுகளே. சிற்றிதழ்களுக்கும் இலக்கிய நூல்களுக்கும் அவர் முகப்பெழுதினார். அச்செழுத்தைப் பார்த்து எழுதாமல், எழுத்தையே ஓவியமாகக் கருதினார். தூரிகையின் சொரசொரப்பை அவர் மறைக்கவில்லை.

இவ்வழகுக்கு அக்கால அச்சு முறையும் துணைசெய்தது. வெண்தாளில் கருமையால் வரைந்ததைப் படமெடுத்து, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்து அச்சிடுவர். சாம்பல் சாயல் வேண்டின் புள்ளிகளாலான ஆஃப்டோன் பிளாக் தேவை. அதற்குச் செலவு மிகும். கோட்டோவியத்திற்கோ கறுப்பும் வெளுப்புமே போதும். பொருள்வளம் குன்றிய சிற்றிதழ்களில் கோடு வலுப்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓர் அனுபவம்

நம் துறை மலர்களுக்குப் பல்லாண்டுகள் முகப்பெழுதித் தந்தவர் ஸ்ரீவைகுண்டத்தில் போர்டு எழுதும் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. கடைப்பலகையும் திருமண வரவேற்புப் பலகையும் அவருக்கு அன்றாடத் தொழில். மாப்பிள்ளை வீட்டார் பெயர் ஒரு விரற்கடை சிறுத்துவிட்டதென்று, முகூர்த்தத்திற்கு முன்னிரவில் பலகையை மீண்டும் எழுதச் சொன்னோரும் உண்டு என்பார்.

ஓராண்டு நாம் அவரிடம் ஒரு பட்டியலை நீட்டினோம். பொருநையாறு, தென்னை, திறந்த நூல், மயிலிறகு, கல்லூரிக் கட்டடம், பள்ளிவாசல் மினாரா ஆகிய அனைத்தும் முகப்பில் வேண்டுமென்றோம். அவர் சிரித்தார்.

"சார், எல்லாத்தையும் அட்டையிலேயே போட்டுட்டா, உள்ள என்ன சார் இருக்கும்? மொதல்ல உள்ள இருக்கத படிக்கக் குடுங்க" என்றார்.

மெய்ப்புத் தாள்களை வாங்கிச் சென்று இரண்டு நாள் வைத்திருந்தார். ஆறு வற்றிய கோடையைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதிய கட்டுரை அதில் இருந்தது. அவர் கொணர்ந்த முகப்பில் தலைப்பு மட்டுமே இருந்தது. 'பொருநை' என்னும் சொல்லின் ருகர வால் நீண்டு, தாளின் அடிவரை மெலிந்து ஓடி, பாதியில் நின்றது. பட்டியலில் கண்ட எதுவும் இல்லையே எனப் பெரியவர் சிலர் குறைப்பட்டனர். அக்கட்டுரையைப் படித்தபின் அவர்களே அம்முகப்பைப் பாராட்டினர்.

இங்கு நம் குறையொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மலர்கள் ஒவ்வொன்றிலும் விளம்பரம் தந்தோர்க்கும் அச்சகத்தார்க்கும் பெயர் சுட்டி நன்றி கூறினோம். முகப்பெழுதியவர் பெயரை ஒன்றிலேனும் அச்சிட்டோமில்லை, அவரும் கேட்டாரில்லை. ஃபிளெக்ஸ் பலகைகள் பெருகியபின் அவர் கடை மூடப்பட்டது. இன்று அவர் மகன் கணிப்பொறியில் வடிவமைக்கிறார். எழுத்துகள் நெருங்கியும் விலகியும் நிற்கும் இடங்களைத் திரையில் பார்த்துத் திருத்திச் சொல்பவர் தந்தையே. கணிப்பொறி எழுத்துருவும் யாரோ ஒருவர் வரைந்ததுதானே!

நிறைவாக

இஸ்லாமிய எழுத்தணிக் கலையில் ஒரு மரபுண்டு. ஆசிரியரிடம் 'இஜாஸா' என்னும் ஒப்புதல் பெற்ற பின்னரே, மாணவர் தாம் எழுதியதன்கீழ்த் தம் பெயரை இடலாம். 'இதனை எழுதியவர்' எனப் பொருள்படும் 'கதபஹு' என்னும் சொல்லைப் பெயருக்கு முன் எழுதுவர். பெயரிடுதல் பெருமைக்கு மட்டுமன்று. பிழை நேரின் அதற்குப் பொறுப்பேற்பதுமாகும்.

இவ்வாண்டு மலரின் முகப்பையும் அவ்வண்ணாச்சியே கையால் எழுதித் தந்துள்ளார். நன்றியுரையில் அவர் பெயர் முதலாவதாக அமைய வேண்டுமென மலர்க் குழுவினரை வேண்டினோம், அவர்களும் இசைந்தனர். மிகவும் காலந்தாழ்ந்த நன்றியே இது. மாணவச் செல்வங்கள் இனி ஒரு நூலை எடுக்கும்போது, முகப்பெழுதியவர் யாரென்று உட்பக்கத்தில் தேடிப் பார்க்க வேண்டும். நாளை நீங்களே மலர் வெளியிடுங்கால், அப்பெயரை விடாமல் அச்சிட வேண்டும்.