தண்டவாளத்தில் ஐரோப்பா – 7: ஒரு தடத்தில் ஏழு நகரங்கள்

ஐரோப்பாவைக் குறைந்த செலவில் ரயிலில் சுற்றிவர எண்ணும் இந்தியப் பயணிக்குப் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது யூரெயில் பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்காக 1959-இல் தொடங்கப்பட்ட இந்தப் பாஸ் இன்று 33 நாடுகளில் செல்லுபடியாகிறது. ஐரோப்பியர்களுக்குரிய இன்டர்ரெயில் பாஸ், 21 வயது வரையிலான இளைஞர்களுக்கென 1972-இல் அறிமுகமாகிப் பின்னர் எல்லா வயதினருக்கும் விரிந்தது. ஒரு மாதத்துக்குள்ளோ இரண்டு மாதங்களுக்குள்ளோ நான்கு, ஐந்து, ஏழு என வாங்கிய 'பயண நாள்'களில், அதாவது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரையிலான ஒவ்வொரு நாளிலும், எத்தனை ரயில்களிலும் ஏறி இறங்கலாம் என்பதே இதன் அடிப்படை. பாஸ் விற்பது சுதந்திரத்தை. அந்தச் சுதந்திரம் சிக்கனமாகவும் அமையுமா என்பதைப் பயணி தேர்ந்தெடுக்கும் தடமே முடிவு செய்கிறது.

இதற்குத் தகுந்த எடுத்துக்காட்டு பெர்லினில் தொடங்கி டிரெஸ்டன், பிராக், பிர்னோ, வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாகப் புடாபெஸ்டில் முடியும் மத்திய ஐரோப்பியத் தடம். பெர்லினிலிருந்து பிராக் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பிராக்கிலிருந்து பிர்னோ ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அங்கிருந்து வியன்னா ஒன்றரை மணி நேரம். வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரமே. இத்தகைய குறுந்தொலைவு ஒவ்வொன்றுக்கும் பாஸின் ஒரு முழுப் பயண நாளைச் செலவிடுவது, முழு வண்டியை வாடகைக்கு எடுத்துப் பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கு ஒப்பாகும்.

தூரத்துக்கு இவ்வளவு என்ற இந்திய ரயில் கட்டணக் கணக்குக்குப் பழகியவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஜெர்மனி, செக், ஆஸ்திரிய ரயில்வேக்கள் ஒரே ரயிலுக்கு முன்கூட்டிய சலுகைச் சீட்டு, முழுக்கட்டணச் சீட்டு என இரு வகைகளை விற்கின்றன. 'ஷ்பார்பிரைஸ்' என ஜெர்மனியில் வழங்கும் சலுகைச் சீட்டு பல வாரங்களுக்கு முன்பே வாங்கினால் முழுக்கட்டணத்தின் ஒரு பங்குக்கே கிடைப்பதுண்டு. ஆனால் அது குறிப்பிட்ட ரயிலோடு கட்டப்பட்டது, அதைத் தவறவிட்டால் பொதுவாகச் செல்லாது. எனவே தேதிகளை முன்பே உறுதிசெய்ய இயன்றவருக்கு இந்தத் தடத்தில் தனித்தனிச் சீட்டே மலிவு. நாள்தோறும் மனம் மாறும் பயணிக்கும், சுவிட்சர்லாந்து போன்று கட்டணம் மிகுந்த நாட்டில் நெடுந்தொலைவு செல்பவருக்கும் பாஸ் பயன்படும். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருப்பவரும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்பதைப் பாஸின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரே பயணத்தைப் பல சீட்டுகளாகப் பிரித்து வாங்குவதில் ஓர் இடர் உண்டு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே சீட்டாக வாங்கியிருந்தால், முதல் ரயில் தாமதித்து இணைப்பு ரயில் தவறும்போது பயணியை ஊர் சேர்க்கும் பொறுப்பு ரயில்வேயினுடையது. ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி, விலக்குகளுக்கு உட்பட்டு, ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடும் இரண்டு மணி நேரத்துக்கு 50 விழுக்காடும் இழப்பீடாகக் கோரலாம். தனித்தனியாக வாங்கியவருக்கு இரண்டாம் சீட்டின் இழப்பு பெரும்பாலும் அவருடையதே. ஆகவே ரயில் மாறும் நாளில் இடையே போதிய நேரம் விடுவதே அறிவுடைமை.

இத்தடத்தில் பலர் இறங்காமலே கடந்துவிடும் நகரம் பிர்னோ. பள்ளிப் பாடநூல்களில் பட்டாணிச் செடி ஆய்வால் அறிமுகமாகும் மெண்டல், மரபியலின் அடித்தளத்தை இட்டது இங்குள்ள மடத்தின் தோட்டத்தில்தான். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1930-இல் நிறைவுற்ற டுகெண்ட்ஹாட் மாளிகையும் இங்கேயே உள்ளது. பெரும் கண்காட்சிகள் நடைபெறும் நாள்களைத் தவிர்த்தால், அறை வாடகையும் பொதுவாகப் பிராக்கைவிடக் குறைவு. பிராக்கில் ஓர் இரவைக் குறைத்து இங்கே தங்குவது செலவுக்கும் அறிவுக்கும் ஒருங்கே நன்மை தரும்.

இத்தடம் செல்லும் ஐந்து நாடுகளும் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை என்பதால் ஒரே விசா போதும். அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், நாள்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டில். எல்லையில் காவலர்கள் ரயிலில் ஏறிச் சோதிப்பதுண்டு. கடவுச்சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருப்பது நல்லது. செக் நாட்டில் கொருனாவும் ஹங்கேரியில் ஃபோரின்டும் புழங்க, மற்ற மூன்று நாடுகளிலும் யூரோ செல்லும். அட்டையில் பணம் செலுத்தும்போது இயந்திரம் ரூபாயா உள்ளூர் நாணயமா எனக் கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும், ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் பரிமாற்ற விகிதம் பெரும்பாலும் பாதகமாகவே அமையும். விமானச் சீட்டைப் பெர்லினில் இறங்கிப் புடாபெஸ்டில் ஏறுமாறு வாங்கினால், வந்த வழியே திரும்பும் செலவும் மிச்சமாகும்.

வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு நேரடி விரைவு ரயில் இருந்தாலும், அது டான்யூப் ஆற்றின் பெரும் வளைவைத் தொடுவதில்லை. பிராட்டிஸ்லாவா வழியாகச் செல்லும் ரயிலே ஆற்றங்கரையில் ஓடி, எதிர்க்கரையில் எஸ்டெர்கோமின் பேராலயத்தையும் பின்னர் விசெக்ராட் மலைக்கோட்டையையும் காட்டுகிறது. பிராட்டிஸ்லாவாவில் புடாபெஸ்ட் ரயிலில் ஏறுபவர்கள் வலப்புற இருக்கையையும், டிரெஸ்டனிலிருந்து பிராக் செல்பவர்கள் எல்பே ஆற்றைக் காண இடப்புற இருக்கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

(தொடரும்)