எழுத்துக்குத் திணறும் பிள்ளை



'சோம்பேறி' என்று நான் ஒரு சிறுவனைக் கடிந்ததுண்டு. மறைக்கல்வி வகுப்பில் இரண்டு வரி வாசிக்க இயலாமல் அவன் திணறினான். எல்லார் முன்னும் நிற்க வைத்தேன். மறுவாரம், ஒருமுறையே கேட்ட ஊதாரி மைந்தன் உவமையை அவன் பிழையின்றிச் சொன்னான். நான் தலைகுனிந்தேன்.

1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இத்தகைய 14 வயதுச் சிறுவனைப்பற்றி எழுதினார். கூர்மதி படைத்த அவனுக்குக் கணக்கு வந்தது, வாசிப்பு வரவில்லை. பாடமனைத்தும் வாய்மொழியாக நடந்தால் அவனே பள்ளியில் சிறந்து விளங்குவான் என்றார் அவன் ஆசிரியர்.

இதனை 'டிஸ்லெக்சியா' என்பர். இது அறிவுக்குறைவன்று, சோம்பலுமன்று. சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில் உள்ள இடர்ப்பாடு. பிரம்பு இதனைப் போக்காது. கற்பிக்கும் முறையே மாறவேண்டும்.

திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிக் கற்றனர். கண், செவி, விரல் மூன்றும் இணையும் அம்முறை இப்பிள்ளைகளுக்குத் துணைபுரியும். தட்டில் மணலைப் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக எழுதி ஒலிக்கச் செய்யுங்கள். பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, விடையை வாய்மொழியாகக் கேளுங்கள். ஐயமிருப்பின் வல்லுநரிடம் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றுள்ளது; உரிய சான்று பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு.

அச்சிறுவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எங்கள் மறைக்கல்வி வகுப்பில் உவமைகளைச் சொல்பவன் அவனே.