முட்டைக்கோழிக் கறி ஏன் லேசில் வேகாது?

நாமக்கல் பண்ணைகளில் முட்டையிட்டு ஓய்ந்த கோழிக்கு வயது ஒன்றரை ஆண்டுக்கு மேல். கறிக்கோழிக்கோ சுமார் 6 வாரம்தான். அந்த வித்தியாசம் பல்லில் தெரியும். தசைநார்களைக் கட்டியிருக்கும் கொலாஜன் புரத இழைகள் வயது ஏற ஏற ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. அவசரமாக எண்ணெயில் வறுத்தால் தசை சுருங்கி நீரை இழக்கும், கொலாஜன் கரையாது. கறி ரப்பர்தான்.

ஈரச்சூடும் பொறுமையும் வேண்டும். அப்போது கொலாஜன் மெல்ல அவிழ்ந்து, ஜெலட்டினாகிக் குழம்பில் இறங்கும். குக்கரில் அழுத்தத்தால் நீரின் சூடு 120 டிகிரியை நெருங்குவதால் வேலை விரையும். பச்சைப் பப்பாளியை அரைத்து முன்பே பிசறி வைப்பதும் நல்ல வழி. அதன் நொதி புரதத்தை வெட்டும், நன்றாகக் கொதித்தால் செயலிழக்கும்.

வறுவலுக்கு முட்டைக்கோழியை வாங்கவே வாங்காதீர்கள். மிளகு தட்டிப் போட்ட சாறுதான் இதற்கு உரியது. குளிர்ந்ததும் அது தளதளவென்று உறையும்: கரைந்த கொலாஜன் அதுதான்.