சுழலும் படம், சுழலாத மோட்டார்

தொழிற்சாலைகளுக்குத் தொடுதிரை வரைந்து கொடுப்பது என் தொழில். குடியிருப்பது திருவாலங்காட்டில், வேலை பெரும்பாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். பம்பு, கன்வேயர், ஃபேன் எல்லாவற்றையும் ஆபரேட்டர் ஓட்டுவதும் நிறுத்துவதும் இந்தத் திரையில்தான். எச்.எம்.ஐ. என்போம்.

இரும்புப் பட்டன் அமுங்குவதை விரலே உணர்ந்துவிடும். கண்ணாடி அமுங்காது. அதனால்தான் கைபேசியில் பட்டனைத் தொட்டதும் நிறம் மாறுகிறது, லேசாக அதிர்கிறது. விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் ஏதாவது தெரிந்தால்தான், நாம் தொட்டதால் நடந்தது என்று மனசுக்குப் படும். தாமதமானால் மறுபடி அமுக்குவோம். ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் ஒரே பட்டனில் இருந்தால், அந்த இரண்டாவது அமுக்கு ஓடத் தொடங்கியதை நிறுத்திவிடும்.

ரோலிங் மில்லில் இது இன்னும் சிரமம். கம்பி உருளும் சத்தத்தில் ‘பீப்’ கேட்காது. தடித்த கையுறைக்குள் அதிர்வு தெரியாது. கைபேசித் திரை விரலின் மின்தன்மையை வைத்து வேலை செய்வது, கையுறைக்கு மசியாது. அதனால் அங்கே அழுத்தத்தை உணரும் திரையைப் போடுகிறோம். மற்றதெல்லாம் கண் பாடு.

அந்தக் கண்ணுக்கு எதைக் காட்டுவது என்பதில்தான் நான் சண்டை போடுவேன். “தொட்டதும் ஃபேன் சுத்தட்டும் சார், பார்க்க நல்லா இருக்கும்” என்பார்கள். ஆனால், விரல் பட்டது வேறு, கட்டளை போனது வேறு, மோட்டார் ஓடுவது வேறு. மோட்டாரைக் காக்கும் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகிக் கிடந்தால் மோட்டார் அசையாது. திரையில் படம் மட்டும் சுழலும். அதை நம்பி ஆபரேட்டர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டரில் ஆக்ஸிலரி கான்டாக்ட் ஒன்று இருக்கும். கான்டாக்டர் இழுத்தால்தான் அது மூடும். அந்தச் சிக்னல், கட்டளை அனுப்பும் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.க்குத் திரும்பி வந்த பிறகே படம் சுழல வேண்டும். அதுவரை பட்டன் மினுக்கட்டும். சில விநாடிகளில் வராவிட்டால் அலாரம் அடிக்கட்டும். கப்ளிங் உடைந்த பம்பில் இதுவும் பொய் சொல்லும். அங்கே குழாயில் ஃப்ளோ ஸ்விட்சே வைக்க வேண்டும்.

திரை உண்மை நிலையைத் தெளிவாகக் காட்டாவிட்டால் விலை பெரிது. 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். போர்க்கப்பலின் வேகக் கட்டுப்பாடு தொடுதிரையில் இருந்தது. இரண்டு புரொப்பல்லர்களின் வேகத்தையும் குறைப்பதாக நினைத்தார்கள். குறைந்தது ஒன்று மட்டுமே. கப்பல் இடப்பக்கம் திரும்பியது. பயிற்சிக் குறைவும் காரணம்தான். ஆனால், இரண்டின் கட்டுப்பாடும் தனித்தனியாகப் பிரிந்திருப்பது பார்த்தவர்கள் கண்ணில் உறைக்காத திரை அது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, கையால் தள்ளும் நெம்புகோலுக்கே திரும்புவதாக அறிவித்தது.

எமர்ஜென்சி ஸ்டாப்பை நான் திரையை நம்பி விடுவதில்லை. மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் பட்டன், தனி ஒயரில். திரையை ஒப்படைக்கும் நாளில், கான்டாக்டரிலிருந்து சிக்னல் திரும்பி வரும் ஃபீட்பேக் ஒயரைக் கழற்றச் சொல்லி ஸ்டார்ட் கொடுப்பேன். படம் சுழன்றால் அன்றைக்கு ஒப்படைப்பு கிடையாது.